பணம் ஒரு பக்கம், ஆயுள் ஒரு பக்கம்

அமெரிக்கா 2023-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்குச் செலவழித்த தொகை 4.9 லட்சம் கோடி டாலர். தலைக்கு 14,570 டாலர் விழுகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் இதற்கே போய்விடுகிறது. அதே ஆண்டில் அங்கே சராசரி ஆயுள் 78.4 வயது. ஜப்பானில் தலைக்கு ஆகும் செலவு அதில் பாதிகூட இல்லை. ஆயுளோ 84-ஐ ஒட்டி நிற்கிறது. இலங்கையில் அரசும் மக்களும் சேர்ந்து மருத்துவத்துக்குப் போடும் பணம் தலைக்கு ஆண்டுக்கு 200 டாலரைத் தொடுவதில்லை. அங்கே பிறக்கும் குழந்தை 76, 77 வயது வரை வாழும் என்கிறது கணக்கு. காசைக் கொட்டினால் ஆயுள் கூடும் என்றால் இந்த மூன்று நாடுகளும் இப்படி முன்னும் பின்னுமாக நிற்க நியாயமில்லை.

ஒரு நாட்டில் மருத்துவத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பது பெரும்பாலும் விலை பேசும் இடத்தில் முடிவாகிறது. அந்த நாட்டு மக்கள் எத்தனை வயது வாழ்வார்கள் என்பது பெரும்பாலும் அவர்கள் பெரிய ஆஸ்பத்திரியின் படியேறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு இடத்தில் நடப்பதால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைக் கணிக்க முடிவதில்லை.

முதலில் செலவு. ஏழை நாட்டுக்கும் பணக்கார நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி கூலி வித்தியாசம். மருத்துவம் ஆட்கள் கையால் செய்கிற வேலை. புண்ணைக் கழுவிக் கட்டுப்போட யாழ்ப்பாணத்தில் ஒரு தாதிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் சூரிச் நகரத்துச் செவிலியருக்கும் ஆகும். ஆனால் சூரிச்சில் அந்தச் செவிலியர் வேறு வேலைக்குப் போனாலும் நல்ல சம்பளம் கிடைக்கும் என்பதால் மருத்துவமனையும் அதற்கு ஈடாகக் கொடுத்தாக வேண்டும். பொருளாதார அறிஞர் வில்லியம் பாமல் 1960-களில் இதை இசையை வைத்து விளக்கினார். நால்வர் சேர்ந்து வாசிக்க எழுதப்பட்ட இசையை நூறு ஆண்டுகள் கழித்தும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் பிடிக்கும்; தொழிற்சாலையில் நடப்பதுபோல இயந்திரத்தை வைத்து ஆளைக் குறைக்க முடியாது. நாடு பணக்கார நாடாக ஆக, இப்படிப்பட்ட வேலைகளின் விலை ஏறிக்கொண்டே போகும். அதனால் இலங்கையிலோ இந்தியாவிலோ ஓர் அறுவைச் சிகிச்சை மலிவாக முடிகிறது என்பதை வைத்து மட்டும் அந்த நாட்டு ஏற்பாடு சிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அமெரிக்காவும் ஜப்பானும் இரண்டுமே பணக்கார நாடுகள். இவற்றுக்கிடையே கூலிக் கணக்கு அவ்வளவு தூரம் உதவாது. அமெரிக்கர்கள் சும்மா சும்மா டாக்டரிடம் ஓடுகிறார்கள், அதனால்தான் செலவு என்று வெகுகாலம் பலர் நம்பிவந்தார்கள். 2003-இல் ஊவே ரைன்ஹார்ட் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. மற்ற பணக்கார நாட்டு மக்களைவிட அமெரிக்கர்கள் மருத்துவரை அதிகம் பார்ப்பதும் இல்லை, ஆஸ்பத்திரியில் அதிக நாள் படுப்பதும் இல்லை. ஒவ்வொரு தடவைக்கும் அவர்கள் கொடுக்கும் விலைதான் அதிகம் என்று அந்தக் கட்டுரை காட்டியது. ஜப்பானியர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை டாக்டரைப் பார்க்கிறார். அமெரிக்கர் நான்கு முறை. அப்படியிருந்தும் பில் அமெரிக்காவில்தான் பெரிது.

விலை எப்படி வேறுபடுகிறது என்பதற்கு இன்சுலினைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரத்தில் ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் அதைக் கண்டுபிடித்தார்கள். காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் என்று பெயருக்கு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். உயிர் காக்கும் மருந்து ஒருவர் கைக்குள் அடங்கிவிடக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். நூறு ஆண்டு நெருங்கும் வேளையில், 2018 நிலவரப்படி செய்யப்பட்ட ஓர் ஒப்பீட்டில், ஒரே அளவு இன்சுலினுக்கு உற்பத்தியாளரின் சராசரி விலை அமெரிக்காவில் 99 டாலரை ஒட்டியிருந்தது. அது பிறந்த கனடாவில் 12 டாலர். ஆஸ்திரேலியாவில் 7 டாலர்.

மருந்து ஒன்றுதான், அதைச் செய்யும் கம்பெனிகளும் பெரும்பாலும் அவையேதான். ஆஸ்திரேலியாவில் நாடு முழுமைக்கும் சேர்த்து அரசு விலை பேசுகிறது. கட்டுப்படியாகாத விலை சொன்னால் அரசின் மானியப் பட்டியலில் அந்த மருந்து ஏறாது. ஏறாவிட்டால் வியாபாரமே இல்லை. கனடாவில் காப்புரிமை உள்ள மருந்துகளின் விலையைக் கண்காணிக்க 1987 முதல் ஒரு வாரியம் இருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மருந்துக் கம்பெனிகளுடன் விலை பேசவே கூடாது என்று 2003-இல் ஒரு சட்டம் சொன்னது. உலகின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவரின் வாயைச் சட்டம் போட்டு அடைத்துவிட்டார்கள். 2022-இல் வந்த இன்னொரு சட்டம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. அதன்படி பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் புதிய விலை 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்க மருந்து விலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 99 டாலர் பட்டியல் விலை. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அவற்றின் சார்பில் மருந்துப் பட்டியல் தயாரிக்கும் இடைத்தரகு நிறுவனங்களுக்கும் திரைமறைவில் பெரிய தள்ளுபடி கிடைக்கும். காப்பீடு இல்லாதவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. அவர்தான் முழு விலை கொடுக்க வேண்டும். கையில் காசு குறைந்த சர்க்கரை நோயாளிகள் போட வேண்டிய அளவைக் குறைத்து, ஒரு குப்பியை இரண்டு குப்பி நாளுக்கு இழுத்தார்கள். இன்சுலினைக் குறைத்துப் போட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிர் போகும். அப்படிப் போயும் இருக்கிறது. மக்களின் கோபம் முற்றிய பிறகு 2023-இல் பெரிய கம்பெனிகள் மூன்றும் பட்டியல் விலையை வெகுவாகக் குறைப்பதாக அறிவித்தன.

மொத்தமாக நின்று பேரம் பேசினால் விலை இறங்கும் என்பது பணக்கார நாடுகளுக்கு மட்டும் கைவந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. நாட்டுக்கு உண்மையில் தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, வணிகப் பெயரைப் பாராமல் மருந்தின் மூலப்பெயரில் உலகச் சந்தையில் டெண்டர் விட்டார்கள். தமிழ்நாட்டில் 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதே வழியில் அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து வாங்குகிறது. வாங்கும் தொகுதி ஒவ்வொன்றையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. பின்னர் வேறு பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத் தாங்களும் எடுத்துக்கொண்டன.

ஜப்பானில் இந்தப் பேரம் மருந்தோடு நிற்காமல் எல்லாவற்றுக்கும் நடக்கிறது. 1961 முதல் அங்கே எல்லோருக்கும் காப்பீடு உண்டு. ஆனால் காப்பீட்டைவிட முக்கியமானது அரசு வெளியிடும் விலைப் புத்தகம். ஊசி போடுவது முதல் இருதய அறுவை வரை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு விலை இருக்கும். டோக்கியோவின் பெரிய ஆஸ்பத்திரிக்கும் மலையடிவாரத்துச் சின்ன கிளினிக்குக்கும் அந்த ஒரே விலைதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர்களின் சங்கமும் காப்பீட்டுத் தரப்பும் அரசும் உட்கார்ந்து அதைத் திருத்துகின்றன. எந்தச் சிகிச்சை தேவைக்கு மேல் பெருகுகிறதோ அதன் விலையைக் குறைப்பார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பெருகியபோது 2002-இல் தலை ஸ்கேனின் விலையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெட்டினார்கள். கிளினிக்குகள் அந்த விலைக்குக் கட்டுப்படியாகும் சிறிய, மலிவான இயந்திரங்களைத் தேடின. ஜப்பானியக் கம்பெனிகளும் செய்து கொடுத்தன. இன்று மக்கள்தொகைக் கணக்கில் உலகிலேயே அதிக எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் உள்ள நாடு ஜப்பான். அமெரிக்காவில் சராசரியாக ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் இந்த ஸ்கேன் ஜப்பானில் அதில் ஒரு சிறு பகுதிதான். அதிலும் வேலை பார்க்கும் வயதினர் பத்தில் மூன்று பங்கு கொடுத்தால் போதும். மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் ஒரு குடும்பம் கொடுக்க வேண்டியதில்லை என்று வருமானத்துக்கேற்ற உச்சவரம்பும் உண்டு.

அமெரிக்காவில் இப்படி ஒரு விலைப் புத்தகம் இல்லாமல் போனதற்கு ஒரு போர்க்காலத்து உத்தரவும் காரணம். 1942-இல், இரண்டாம் உலகப்போரின் நடுவே, விலைவாசியைக் கட்டுப்படுத்தச் சம்பள உயர்வுக்கு அரசு தடை போட்டது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய முதலாளிகள், சம்பளத்தைக் கூட்ட முடியாவிட்டால் என்ன, மருத்துவக் காப்பீடு தருகிறோம் என்று ஆட்களை இழுத்தார்கள். அந்தக் காப்பீட்டுக்கு வரி இல்லை என்றும் ஆனது. போர் முடிந்தும் ஏற்பாடு நிலைத்துவிட்டது. 1965-இல் முதியோருக்கு மெடிகேரும் ஏழைகளுக்கு மெடிகெய்டும் வந்தன. 2010-இல் ஒபாமா காலத்துச் சட்டம் மேலும் பலரைக் காப்பீட்டுக்குள் சேர்த்தது. வீட்டை இடிக்காமல் அறைமேல் அறையாகக் கட்டிக்கொண்டே போனதுபோல, ஒவ்வொன்றும் பழையதன் மேல் ஏறியது. அத்தனைக்குப் பிறகும் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் எந்தக் காப்பீடும் இல்லை.

இப்படிக் கட்டப்பட்ட வீட்டில் கணக்கு எழுதவே தனிப் படை வேண்டும். ஒரே ஆஸ்பத்திரி ஒரே ஸ்கேனுக்கு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விலை வைத்திருக்கும். எந்த நோயாளிக்கு எது செல்லும், எதற்கு முன் அனுமதி வேண்டும், எது நிராகரிக்கப்பட்டது என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம். மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்தில் ஒரு கூட்டம். 2017 நிலவரப்படி ஓர் ஆய்வு, அமெரிக்க மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்கு நிர்வாகத்துக்கே போவதாகவும் பக்கத்து கனடாவில் அது ஆறில் ஒரு பங்கு என்றும் கணக்கிட்டது. அந்தப் பணத்தில் ஒரு காய்ச்சல்கூடக் குணமாவதில்லை என்பதுதான் வேதனை.

பிரிட்டன் இன்னொரு வழி. 1948 ஜூலை 5 அன்று, அமைச்சர் அனைரின் பெவனின் முயற்சியில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. வரிப்பணத்தில் நடக்கிறது; ஆஸ்பத்திரியில் பில் கிடையாது. அரசு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று பட்ஜெட் போட்டுவிடுவதால் செலவு கட்டுக்குள் நிற்கிறது. புதிய மருந்து ஒன்று நல்ல உடல்நலத்தோடு கூடிய ஓர் ஆண்டைக் கூட்டித்தர எத்தனை பவுண்டு கேட்கிறது என்று கணக்குப் பார்க்க 1999 முதல் ஓர் அமைப்பும் இருக்கிறது. நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பது அதன் அளவுகோல். பணமாகக் கேட்காததை இந்த ஏற்பாடு நேரமாகக் கேட்கிறது. 2023-இல் இங்கிலாந்தில் மட்டும் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 75 லட்சத்தைத் தாண்டியது. இடுப்பு மூட்டு மாற்ற மாதக்கணக்கில் வலியோடு காத்திருப்பவருக்கு அது எந்தக் கணக்கிலும் வராத செலவு.

இனி ஆயுள். அமெரிக்க ஆஸ்பத்திரிகள் மோசம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு பேர். உலகின் முதல் வரிசைக் கணக்கு அது. அங்கே ஆயுளைக் கடித்துத் தின்பவை வேறு. 2022-இல் போதைப்பொருள் மிகையால் மாண்டவர்கள் 1,07,000-க்கும் மேல். துப்பாக்கியால் மாண்டவர்கள் ஏறத்தாழ 48,000. சாலை விபத்தில் 42,000-க்கும் மேல். இவர்களில் பெரும்பாலோர் இளையவர்களும் நடுவயதினரும். எண்பது வயதில் ஒருவர் இறந்தால் நாட்டின் சராசரி ஆயுளில் பெரிய மாற்றம் தெரியாது. இருபத்தைந்து வயதில் ஒருவர் போனால் ஐம்பது ஆண்டு ஒரேயடியாகக் கழிகிறது. உடல் பருமனும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கப் பெரியவர்களில் பத்துக்கு நான்கு பேர் மிகை பருமன் உள்ளவர்கள். ஜப்பானில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான்.

ஜப்பானியரும் ஒரு காலத்தில் இப்படி நீண்டு வாழவில்லை. 1951 முதல் 1980 வரை அந்த நாட்டின் முதல் கொலையாளி பக்கவாதம். ஊறுகாயும் சோயா சாஸும் மிசோ சூப்புமாக உப்பு அளவு கடந்து போய், ரத்த அழுத்தம் ஏறி, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தார்கள். குளிர் மிகுந்த மலைப்பிரதேசமான நகானோவில் இது இன்னும் மோசம். குளிர்காலம் முழுக்க உப்பில் ஊறிய காய்தான் சாப்பாடு. அங்கே சுகாதாரத் தொண்டர்களாகச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள், கையில் உப்பளக்கும் கருவியோடு வீடு வீடாகப் போய் அடுப்பிலிருந்த சூப்பை அளந்து பார்த்தார்கள். அளவு கூடினால் எப்படிக் குறைப்பது என்று சமையலறையிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சில பத்தாண்டுகளில் நகானோ, ஜப்பானிலேயே நீண்ட ஆயுள் உள்ள மாகாணங்களில் ஒன்றாகிவிட்டது.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்ற இந்த வழியை இலங்கை அதற்கும் முன்பே பிடித்துவிட்டது. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. 1931-இல் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. 1934, 35-இல் மலேரியா ஊர் ஊராகச் சூறையாடி ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனபோது, வாக்குக் கேட்டுப் போன தலைவர்கள் அந்த மக்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கிராமத்து ஆஸ்பத்திரிகள் பெருகின. 1951-இல் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ஒழிந்தது. பெண் கல்வியும் கூடவே வளர்ந்தது. இந்த ஏற்பாட்டின் நடுநாயகம் ஒரு டாக்டர் அல்ல. குடும்பநல உத்தியோகத்தர் என்று தமிழில் சொல்லப்படும், பயிற்சி பெற்ற மருத்துவமாது.

ஒருவருக்குச் சில ஆயிரம் பேர் கொண்ட பகுதி. கலியாணமாகி வந்த பெண் யார், கர்ப்பமானது யார், எந்த வீட்டில் எத்தனை மாதக் குழந்தை என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். கர்ப்பிணியின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கால் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். பிரசவமான பத்து நாளுக்குள் திரும்ப வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். பிள்ளையின் எடையை அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். கோடு தாழ்ந்தால் திரிபோஷா சத்துமா கிடைக்க ஏற்பாடு செய்வார். ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார் என்று விசாரணை நடக்கும். 1930-களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த நாட்டில் இன்று அந்த எண் 30-ஐ ஒட்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2023-இல் இது மொத்தத்தில் 18.6, கறுப்பினத் தாய்மாரை மட்டும் எடுத்தால் 50.3. மரணத்தைக் கணக்கெடுக்கும் முறை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும் என்றாலும், உலகின் பெரும் பணக்கார நாட்டில் ஒரு பகுதித் தாய்மார் இலங்கைத் தாய்மாரைவிடப் பெரிய ஆபத்தோடு பிள்ளை பெறுகிறார்கள் என்பது இதனால் மாறிவிடாது.

சராசரி எண் மறைப்பவை இலங்கையிலும் உண்டு. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் கிடந்தது. கிராமத்துக்குப் போன மருத்துவமாது தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. நுவரெலியா மாவட்டத்தில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதம் இன்றும் நாட்டுச் சராசரியைவிட அதிகம். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே இலவச ஆஸ்பத்திரி. வீட்டு வாசலுக்கு ஆள் வந்ததா இல்லையா என்பதில் இவ்வளவு வேறுபாடு.

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்காவும் இதே பாதையில் போன நாடு. 1990-களின் நடுவிலிருந்து நாட்டைச் சிறு சிறு வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒரு செவிலியர், வீடு வீடாகப் போகும் ஒரு பணியாளர் என்று குழு போட்டார்கள். அமெரிக்கா தலைக்குச் செலவிடுவதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய பணத்தில், ஆயுளில் அதற்கு இணையாகவும் சில ஆண்டுகளில் அதை விஞ்சியும் நிற்கிறார்கள்.

நாட்டின் செலவு குறைவு என்றால் குடும்பத்தின் செலவும் குறைவு என்று பொருளில்லை. இந்தியா மருத்துவத்துக்குச் செலவிடுவது மிகக் குறைவு. ஆனால் 2013-14-இல் அந்தச் செலவில் நூற்றுக்கு 64 ரூபாய் மக்கள் நோயின்போது தம் கையிலிருந்து கொடுத்தது. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் கொடுத்த காசும் அதில் அடக்கம். அரசுகள் போடும் பணம் கூடியதால் 2021-22-இல் அது 39 ரூபாயாக இறங்கியிருக்கிறது. இலங்கையிலும் பிரசவமும் அறுவையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்றாலும், வெளிநோயாளியாகப் போவோர், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படுவோர் பலர் தனியாரிடம் காசு கட்டுகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் டாலர் தீர்ந்து மருந்து இறக்குமதி தடைபட்டபோது அரசு ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து இல்லாமல் போனது. மலிவான ஏற்பாட்டுக்கும் அடியில் குறைந்தபட்சம் இவ்வளவு பணம் வேண்டும் என்பதை அந்த மாதங்கள் காட்டின.

இப்போது இந்த நாடுகளெல்லாம் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். இலங்கையும் தமிழ்நாடும் வேகமாக மூப்படைகின்றன. தாய் சேய் நலத்துக்காக உருவான பதிவேட்டில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பது தெரியாமலே நடமாடும் ஐம்பது வயது ஆணின் பெயர் இல்லை. இலங்கை 2011 முதல் நடுவயதினரைச் சோதிக்க நல்வாழ்வு நிலையங்களைத் திறந்தது; அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலையை விட்டுவிட்டு வர ஆண்களுக்கு நேரமில்லை என்பதால், வேலைத்தலங்களுக்கே போய்ச் சோதிக்கவும் தொடங்கினார்கள். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. பிரசவத்தைப்போல ஒன்பது மாதத்தில் முடிகிற காரியமாக இல்லாமல், இது நோயாளி இருக்கும் வரை மாதாமாதம் கதவைத் தட்ட வேண்டிய வேலை.